வெட்டி எறிந்த கரை

துணியை மேஜையில் விரித்ததும் முதல் வேலை கரையை வெட்டி எறிவது. இருபது வருடத்துக்கு மேலாக, துண்டு துண்டாக வெட்டிய துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்க மாட்டேன். கரை என்றால் அழகுக்கு வைக்கும் கரை இல்லை. நூல் பிரியாமல் இருக்கத் துணியின் இரண்டு ஓரத்தையும் இறுக்கி நெய்திருப்பார்களே, விரல் அகலத்துக்கு வெள்ளையாக, மில் பெயரும் சாயப் பொட்டுகளுமாக, அது. பார்க்க நல்ல உறுதியாகத்தான் இருக்கும். தைத்து முடித்துத் தண்ணீரில் போட்டால் தெரியும் அதன் லட்சணம். துணி ஒரு மாதிரி சுருங்கும், அது ஒரு மாதிரி சுருங்கும். போர்வையே கோணிக்கொள்ளும். அதனால் வெட்டு, எறி, மற்றதெல்லாம் அப்புறம். இப்படி வாய்கிழியப் பேசிக்கொண்டிருந்தவள் நான். அந்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடை அப்பா வைத்தது. முன்னறை அண்ணனுடையது. சுவர் முழுக்கத் துணிச் சுருள்கள், நடுவில் ஒரு ஆள் கைகால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு வெட்டும் மேஜை. திரைச்சீலையைத் தாண்டினால் என் அறை. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு கட்டில், தெருவுக்குப் போக ஒரு பின்வாசல். மாடியில் அண்ணனும் அண்ணியும் குடியிருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகி, நாலு வருடத்தில் அது போதும் போதும் என்றாகி, ஒரு பெட்டியோடு திரும்பி வந்து நின்றேன். ஏன், எதற்கு என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னறையில் அடைத்து வைத்திருந்த சாமான்களைத் தானே மாடிக்கு ஏற்றிவிட்டு, மெஷினை ஜன்னல் பக்கம் போடட்டுமா சுவர்ப் பக்கம் போடட்டுமா என்று மட்டும் கேட்டான். ஜன்னல் பக்கம் என்றேன். அப்படிப்பட்டவனோடு ஆறு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

எல்லாம் அந்தப் பதினாலு போர்வையால் வந்தது. ஒரு விடுதிக்காக அவசரமாகத் தைத்தோம். வெட்டுவது அண்ணன், தைப்பது நான். கரையை எடுப்பது யார் வேலை என்று நாங்கள் ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. அச்சுத் துணியில் அந்த வெள்ளை ஓரம் கண்ணை உறுத்தும், யார் கையில் முதலில் படுகிறதோ அவர் எடுத்துவிடுவோம். இந்த முறை துணியே முழு வெள்ளை. தங்கச்சி எடுத்துக்கொள்வாள், கரை இருந்தால்தானே அவளுக்கு நீளவாட்டு எது அகலவாட்டு எது என்று தெரியும் என்று அவன் விட்டுவிட்டான். அண்ணன் எடுத்திருப்பான் என்று நான் தைத்துவிட்டேன். ஒரே சலவையில் பதினாலும் சுருக்குப்பை வாய் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றன. விடுதி மேலாளர் அத்தனையையும் மூட்டையாகக் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

அவர் எதிரிலேயே நான் ஆரம்பித்தேன். கரை எது துணி எது என்று தெரியாதவனுக்குக் கத்தரி எதற்கு என்று கேட்டேன். தைக்கிறவள் கண்ணை எங்கே வைத்திருந்தாள் என்று அவன் கேட்டான். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் நாக்கு நிற்காதே. அப்பா உன்னை நம்பிக் கடையை விட்டதுதான் அவர் செய்த ஒரே முட்டாள்தனம் என்றேன். அண்ணன் மூட்டையைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தான். மேலாளர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு மாலை திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

ஒரே கடையில் இருந்துகொண்டு பேசாமல் வேலை செய்வது லேசில்லை. முதல் மாதம் முழுக்க அண்ணிதான் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள். பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, மூணு மீட்டரா மூணரையான்னு கேளுங்க" என்பேன். அவள் திரும்பி, "மூணா மூணரையா?" என்பாள். "மூணுன்னு சொல்லு" என்பான். அவள் என் பக்கம் திரும்பி, "மூணாம்" என்பாள். ஒருநாள் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். நான் என்ன தபால் பெட்டியா, எதுவானாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், என்னை ஆளை விடுங்கள் என்று மாடிக்குப் போய்விட்டாள்.

அப்படித்தான் கரையில் எழுதுவது தொடங்கியது. அண்ணனுக்கு வந்த யோசனை அது. எப்படியும் நான் வெட்டி எறியப்போகிற ஓரம், அதில் பேனாவால் எழுதினால் துணி பாழாகாது. துணியின் வலது முனையில் அளவு எழுதுவான். மூன்று மீட்டர், யாருக்கு, எந்தத் தேதிக்கு. திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி, என் ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போவான். நான் அந்த முனையைப் படிப்பேன், கரையை வெட்டுவேன், மூலையில் இருக்கிற சாக்கில் போடுவேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழிவுத்துணிக்காரர் வந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு போவார். பஞ்சாகவோ மிதியடியாகவோ எதுவாகவோ ஆகும்.

கொஞ்ச நாளில் அளவுக்கு அப்புறமும் எழுத்து நீள ஆரம்பித்தது. மூன்று மீட்டர் துணியில் மூன்று மீட்டர் கரை இருக்கிறதே, எழுத இடத்துக்கா பஞ்சம்? நான் படிக்கவில்லை. எழுதியிருக்கிறது என்று தெரியும், பொடி எழுத்தாகக் கண்ணில் படும். ஆனால் அளவு முடிந்த இடத்தோடு பார்வையை எடுத்துவிடுவேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதவன் கரையில் எழுதினால் நான் உருகிவிடுவேனா என்று வீம்பு. என்றைக்காவது அவனே திரையை விலக்கிக்கொண்டு வந்து, நான் சொன்னது தப்பு என்று சொல்லட்டும், அன்றைக்குப் பேசுகிறேன் என்று காத்திருந்தேன். தப்பாகப் பேசியது நான். மன்னிப்பு அவன் கேட்க வேண்டுமாம். இந்த நியாயத்தை ஆறு வருடம் கட்டிக்கொண்டு அழுதேன்.

இந்த வருடம் அண்ணனின் வெட்டு கெட்டுப்போனது. அவன் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அடிக்கோலை வைத்து இழுத்தால் நூல் பிடித்தது போல் இருக்கும். அது திடீரென்று இடது பக்கமெல்லாம் கோணல். சதுரங்களில் இடது ஓரம் அரை விரல் ஏறி இறங்கியிருக்கும். ஒருமுறை இடது கோடியில் ஒரு சாண் துணியை வெட்டாமலே விட்டு மடித்து வைத்திருந்தான். எனக்கு வந்ததே கோபம். வேண்டுமென்றே என் வேலையைக் கெடுக்கிறான் என்று நினைத்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக நானும் எழுதினேன். ஒரு துண்டுத் துணியில், "கண்ணாடியை மாத்து" என்று எழுதி வெட்டும் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அதற்கு அப்புறம் வந்த துணிகளில் கரை நிறைய எழுத்து இருந்தது. பதிலுக்குப் பதில் சண்டை போடுகிறான் என்று நினைத்து, இன்னும் வேகமாக வெட்டி எறிந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மாடிப்படியிலிருந்து விழுந்தான். இடது காலைப் படியைத் தாண்டிக் காற்றில் வைத்தான் என்று அண்ணி சொன்னாள். விழுந்தவனுக்கு வாய் கோணியது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் தலைக்குள் படம் எடுத்தார்கள். மூளையில் வலது பக்கம் ஒரு கட்டி, எலுமிச்சை அளவு, புதன்கிழமை காலை ஆபரேஷன் என்றார்கள். மறுநாள் டாக்டரம்மா அண்ணியிடம் கேட்டார், இடது பக்கம் பார்வை போய் இவ்வளவு நாள் ஆகியிருக்குமே, உங்களிடம் சொல்லவில்லையா? அண்ணி இல்லை இல்லை என்று தலையாட்டினாள். டாக்டரம்மா எதையோ எழுதிக்கொண்டே, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார். ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்புறம், யாரிடமாவது சொல்லியிருப்பாரே என்றார்.

கரையில் இருந்த அந்தப் பொடி எழுத்து எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு சாமான் எடுக்க வேண்டும் என்று அண்ணியிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சாக்கு இன்னும் போகவில்லை. தரையில் கவிழ்த்தேன். இரண்டு மாதக் கரைகள், சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக இழுத்துப் பிரித்து, மடியில் போட்டுப் படித்தேன். மேல இருந்து தண்ணி சொட்டுது, பக்கெட் வச்சிருக்கேன், காலை இடிச்சுக்காத. இந்தப் பச்சை உனக்குப் பிடிக்கும்னு ரெண்டு மீட்டர் கூட எடுத்திருக்கேன். உன் இருமலுக்கு மாத்திரை கல்லாப்பெட்டி மேல இருக்கு. அந்த மாத்திரையை நான் போட்டுக்கொண்டேன். அண்ணி வாங்கி வைத்தது என்று நினைத்து, அவளுக்கு நன்றிகூடச் சொன்னேன். அவள் திருதிருவென்று விழித்தது இப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறு வருடத்துக் கரை எத்தனை சாக்கு போயிருக்கும் என்று கணக்குப் போடப் பயமாக இருந்தது.

அடியிலிருந்து ஒரு கரை வந்தது. சின்னது, எனக்கு இடப்பக்கம் சரியாத் தெரியல, கண்ணாடி மாத்தியும் பார்த்தாச்சு, தட்டுல பாதி சாப்பாடு இருக்கறதே தெரியல, அவ சொல்லித்தான் தெரியுது. என்னை அண்ணன் சின்னது என்றுதான் கூப்பிடுவான். நாற்பத்தெட்டு வயதிலும் நான் சின்னதுதான். இன்னொரு கரையில் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவகிட்ட சொல்லல, பயந்துடுவா, எனக்கே பயமா இருக்கு, நீ கூட வந்தா டாக்டர்கிட்ட போயிடுவேன்.

மூன்றாவது கரையைப் படிக்க முடியவில்லை. அன்றைக்கு நான் இருந்த கோபத்தில் கத்தரி கரைக்குள்ளேயே ஏறிவிட்டது போலிருக்கிறது. எழுத்தெல்லாம் நடுவில் பிளந்து, கீழ்ப் பாதி மட்டும் கரையில் இருந்தது. தமிழ் எழுத்தின் கீழ்ப் பாதியை வைத்துக்கொண்டு என்ன படிப்பது? கொம்பு எங்கே, புள்ளி எங்கே என்று தெரியாமல் வெறும் வளைவுகளாக இருந்தன. துணியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சாம்பல் நிறம், போர்வையின் நான்கு ஓரமும் சுற்றி வைப்பதற்காக நீளமாக வெட்டச் சொன்னது. அந்தப் போர்வையின் மேல்பாகம் தைத்து முடிந்து கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேல் பாதி எழுத்து அந்தத் தையலுக்குள்தான் இருக்க வேண்டும். கரையை மிச்சம் வைக்காமல் வெட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், ஒரு நூல் அகலம் கரையை உள்ளே விட்டுத் தைத்திருந்தேன்.

சின்னக் கத்தரியை எடுத்துத் தையலைப் பிரித்தேன். அவசரத்தில் இரண்டு இடத்தில் துணி கிழிந்தது, கிழியட்டும் என்று விட்டேன். உள்ளே மடிந்திருந்த ஓரத்தை விரலால் நீவி, இஸ்திரி மேஜையில் வைத்து, கரையை அதோடு ஒட்டி நகர்த்தினேன். பாதியும் பாதியும் சேர்ந்தன. வியாழக்கிழமை பத்து மணிக்குப் போகலாமா சின்னது. நீ என்கூடப் பேச வேண்டாம். கூட வந்தாப் போதும்.

துணி என் கைக்கு வந்த நாளை வைத்துக் கணக்குப் பார்த்தால், அந்த வியாழக்கிழமை போய்ப் பதினோரு நாள் கழித்துத்தான் அண்ணன் படியில் விழுந்திருக்கிறான். நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் இன்னொன்று உறைத்தது, அது அழுகையை விட மோசமாக இருந்தது. நான் படிக்கவில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அளவைப் படித்து எல்லாம் சரியாகத்தானே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படித்திருப்பாள் என்றுதானே நினைத்திருப்பான். படித்துவிட்டு, வேண்டுமென்றே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போகப்போகிறான். நாளைக் காலைக்குள் அவனிடம் சொல்லியாக வேண்டும். மன்னிக்கிறானோ இல்லையோ, இது அவனுக்குத் தெரிய வேண்டும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மாலை பார்வை நேரத்துக்குப் போனேன். அண்ணி படிவங்களில் கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தாள். அண்ணன் தலையை மழித்து, நெற்றியில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அண்ணா" என்றேன். குரல் வந்த திசையில் அவன் திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் போகவில்லை, எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன். மருந்து கொடுக்க வந்த நர்ஸ், அவருக்கு இந்தப் பக்கம் யார் இருந்தாலும் மனசில் பதியாதும்மா, வலது பக்கம் போய் உட்காருங்க என்றாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. வாய் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது. பேச்சு கொஞ்சம் தெளிந்திருந்தது, மெதுவாகத்தான் வந்தது. எனக்குப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, எடுத்த எடுப்பில் போட்டு உடைத்தேன்.

"நான் படிக்கலண்ணா. கரையில நீ எழுதினது எதையுமே நான் படிச்சதில்ல. இன்னைக்குத்தான் படிச்சேன். படிச்சிட்டு வராம இருக்கல."

அவன் வலது கையால் போர்வையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அட, அது எனக்குத் தெரியாதா?" என்றான். "நீ படிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்தது. சொன்ன மாதிரியும் ஆச்சு, யாரையும் பயமுறுத்தாத மாதிரியும் ஆச்சு."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. இதென்ன புத்தி, எழுதுகிறவன் படிக்கிறவளுக்கு எழுத மாட்டானா, உனக்கு மூளை இருந்தால்தானே அதில் கட்டி வரும் என்று திட்டினேன். சிரித்தான். சிரிப்பில் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன். அப்புறம் அவனே அந்தப் பதினாலு போர்வையை எடுத்தான். கரையை எடுக்காதது தன் தப்பு, வெட்டுகிறவன்தான் பார்த்திருக்க வேண்டும் என்றான். இல்லை, தைக்கிறவள் கைக்குத்தான் அது கடைசியாக வரும், என் தப்பு என்றேன். சும்மா இரு, என் தப்புத்தான் என்றான். உன் தப்பு இல்லை என்கிறேனே என்று நான் குரலை உயர்த்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, நோயாளியோடு சண்டை போடுவதானால் வெளியே போங்க என்றாள். அப்பாவைப் பற்றி நான் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அப்பா இன்னும் பெரிய முட்டாள்தனமெல்லாம் செய்திருக்கிறார், உனக்குத் தெரியாது என்றான். அண்ணி வந்து வாசலில் நின்று, நாங்கள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, உள்ளே வராமலே நின்றாள்.

காலையில் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் முடிந்தது, ஆனால் அண்ணன் கண் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான்.

அப்புறம் வந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால், அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் ஓட்டினேன். படிக்க மாட்டேன் என்று தெரிந்துதான் எழுதினான். நான் வருவேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, அதனால் நான் வராதது அவனுக்கு வலிக்கவில்லை. இதை மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன். அண்ணி அப்படி இல்லை. கட்டிக்கொண்டவளிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டாரே, தட்டில் பாதிச் சாப்பாட்டை விட்டபோதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு எழுதினான் என்று சொன்னால் அவளுக்குப் பாரம் குறையும். எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு மாதம் கடத்தினேன். கரைகளைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அந்தச் சாம்பல் போர்வையைப் பிரித்தது பிரித்தபடியே விட்டிருந்தேன், கேட்டு வந்தவரிடம் துணி சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஒருநாள் காலை அண்ணி மாடியிலிருந்து இறங்கி என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு நீலச் சட்டை. கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் விரித்து, மடித்து, மறுபடி விரித்தாள். துணிகளையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்ததாகவும், இதை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். நல்ல சட்டைதானே, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"விழறதுக்கு முந்தி ஒரு வியாழக்கிழமை இதை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார்," என்றாள். "எங்க போறீங்கன்னேன். சின்னதுகூட வெளிய போறேன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு பேரும் பேசிட்டாங்கன்னு நினைச்சேன். எதாவது கேட்டா மறுபடி கெட்டுப்போயிடுமோன்னு ஒண்ணுமே கேக்கல. பத்து மணிக்கு எறங்கிப் போய் உன் பின்வாசல்ல நின்னார். நான் மாடி ஜன்னல்ல இருந்து பார்த்துட்டே இருந்தேன். நிக்கறார், கொஞ்சம் நடக்கறார், மறுபடி வந்து நிக்கறார். பன்னண்டு மணி வரைக்கும் நின்னார். அப்புறம் மேல வந்து, அவளுக்கு வேலை இருக்கும்னு சொல்லிட்டுச் சட்டையைக் கழட்டி மாட்டிட்டார்."

படிக்க மாட்டாள் என்று தெரிந்தவன் சட்டையை இஸ்திரி போடச் சொல்வானா? இரண்டு மணி நேரம் வாசலில் நிற்பானா? நாளைக்குத் தலையைத் திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்காக ஒரு பொய்யை யோசித்துச் சொல்லியிருக்கிறான். நான் நம்பினேன். ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் எங்கே போவதாக இருந்தீர்கள் என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து கரைகளை எடுத்து அவள் மடியில், சட்டை மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருடமாக எழுதியதையும், நான் வெட்டி எறிந்ததையும், மூன்றாவது கரையைப் பிரித்துப் படித்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ஒவ்வொரு கரையாக முனையிலிருந்து முனைவரை படித்தாள். அவகிட்ட சொல்லல, பயந்துடுவா என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். என்னைத் திட்டுவாள், அடிக்கவாவது செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் கரைகளைத் திரும்பச் சுருட்டினாள்.

"அவர் வாசல்ல நின்னப்ப நீ எங்க இருந்த?" என்று கேட்டாள்.

"இங்கதான் அண்ணி. இந்த மெஷின்ல. அந்தச் சாம்பல் பட்டையைத்தான் தைச்சிட்டிருந்தேன்." அவள் விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். "வெளியில செருப்புச் சத்தம் கேட்டுது. அண்ணன்னு தெரிஞ்சுதான் வேகமா மிதிச்சேன்."